வட்டம்

சமாதானம் சேலத்துக்கு
உப்பு வண்டியில் வந்தது.
மூட்டையை இறக்கிவிட்டு வண்டிக்காரன் சொன்னான்:
"இனிமே நாம கும்பினி."
உப்பு விலையும் கூடவே சொன்னான்.
ஏறியிருந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் நான் காசு மாற்றுகிறவன்.
முகப்பில் யார் பெயர் இருந்தாலும் நம்பமாட்டேன்.
கல்லில் உரைப்பேன், காதருகே சுண்டுவேன்,
நல்லதென்றால் ஓரத்தில் ஒரு குத்து.
நெல்மணி அளவு. என் அடையாளம்.

உடன்படிக்கையை நான் பார்த்ததில்லை.
பேட்டையில் பேசிக்கொண்டதுதான்:
பாதி ராஜ்ஜியம்,
மூன்று கோடியே முப்பது லட்சம்,
அது தீரும்வரை பெற்ற பிள்ளைகள் இருவர் ஈடு.
கேட்டுச் சிலர் அழுதார்கள்.
எனக்குப் பழகிய பத்திரமாகத்தான் பட்டது:
அசல், தவணை, அடகு.
வட்டி எங்கே என்று மட்டும் யோசித்தேன்.

வட்டி ஆவணியில் வந்தது.
பூலாம்பட்டித் துறைக்குப் பரிசலில் கடந்து,
பரிசல்காரனுக்கு வெள்ளக் கூலி கொடுத்து,
இரண்டு கரையிலும் சுங்கம் கொடுத்து,
எடப்பாடி வழியே நடந்து
என் தங்கை செவந்தி.

நெரிஞ்சிப்பேட்டையில் அவளைக் கட்டிக்கொடுத்தபோது
காவேரி வெறும் ஆறு.
பங்குனிக்குப் பிறகு அது எல்லை.
அந்தக் கரை தோற்றவனுடையது,
இந்தக் கரை வென்றவனுடையது.
இதில் நான் எதை வென்றேன் என்பது
இன்னும் விளங்கவில்லை.
போன வருஷம்வரை இரண்டு பேரும்
ஒரே சர்க்கார் குதிரைக்குத்தான் கொள்ளு அளந்தோம்.

"வீட்டுக்கு ஒன்பது வராகனாம் அண்ணா.
கொடுக்காதவனை வெயிலில் குனியவைத்து
முதுகில் கல் ஏற்றுகிறார்கள்.
அவர் இரண்டு நாள் சுமந்தார்."
சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள்.
தண்டட்டி ஒரு ஜோடி.
சின்னவனின் வெள்ளி அரைஞாண்.
சுருக்குப்பை நிறைய யானைக் காசு.

"யானைக்கு இங்கே வட்டம் உண்டு.
நூற்றுக்குப் பதினைந்து" என்றேன்.
"அதே யானைதானே?"
அதே யானைதான்.
அதே செம்பு, அதே எடை,
தூக்கிய துதிக்கையும் இறங்கவில்லை.

தங்கையிடம் வட்டம் பிடிக்கலாமா
என்று கேட்பீர்கள்.
பிடித்தேன்.
அன்றைக்கு என் கடைக்கு வந்தது பதினோரு பேர்.
எல்லோரும் அக்கரை.
எல்லோரிடமும் ஒரு முடிச்சு.
இவளுக்கு மட்டும் பன்னிரண்டாகக் குறைத்தேன்,
அடுத்தவருக்குக் கேட்காதபடி, விரலால் காட்டி.

ராத்திரி என் வீட்டில் அவள் சாப்பிடவில்லை.
வயிறு சரியில்லை என்றாள்.

ஒன்பது வராகன் எண்ணிக்கொடுத்தேன்,
ஒவ்வொன்றிலும் என் நெல்மணி.
விடியுமுன் கிளம்பினாள்.
தண்டட்டி கழன்ற காது
நடைக்கு நடை ஆடியது.
கொஞ்ச தூரம் போய்
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்து
பணம் தீர்ந்தது, பிள்ளைகள் திரும்பினார்கள் என்றார்கள்.
கடன் அடைந்தால் அடகு மீளும்.
முறைதான்.

அந்த மாதமே ஒரு கும்பினிச் சிப்பாய்,
ஆற்காட்டுப் பக்கத்தவன்,
அன்றைக்குத்தான் சம்பளம் வாங்கியவன்,
சில்லறை கேட்டு ஒரு வராகன் நீட்டினான்.
உரைத்தேன். சுண்டினேன்.
குத்துவதற்கு இடம் பார்த்துத் திருப்பினேன்.
ஓரத்தில் ஏற்கெனவே ஒரு நெல்மணி.

அது செவந்தியுடையது என்று சொல்லமுடியாது.
அன்று பதினோரு பேர் வந்தார்கள்,
அதற்குப் பிறகும் வந்தார்கள்.
அக்கரையில் எண்ணி,
சீரங்கப்பட்டணத்தில் எண்ணி,
வெள்ளைக்காரன் பாளையத்தில் மறுபடி எண்ணி,
மூட்டை கட்டி, மாட்டில் ஏற்றி,
கடைசியில் என் கல்லுக்கே வந்திருக்கிறது.
கொஞ்சம் தேய்ந்திருந்தது.

"நல்ல காசுதானே?" என்றான் சிப்பாய்.

நல்ல காசு என்றேன்.
வட்டம் போக மிச்சத்தை
அவன் உள்ளங்கையில் வைத்தேன்.